தேனின் ஊர் எது?

திருநெல்வேலிக் கடைகளில் 'மலைத்தேன்; சோதிக்கப்பட்டது' என்று சீட்டு ஒட்டிய புட்டியைக் கண்டால், எதைச் சோதித்தார்கள் என்று கேட்டதுண்டா?

கரும்பும் மக்காச்சோளமும் ஒளிச்சேர்க்கை செய்யும் முறை பெரும்பாலான தேன்பூச் செடிகளின் முறையன்று. அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன்-13 சற்று மிகுதி. கரும்புச் சர்க்கரை கலந்த தேனை இவ்வேறுபாடு காட்டிக்கொடுக்கும். ஆனால், தாமிரபரணிக் கரையில் விளையும் நெல் பூச்செடிகளின் முறையையே பின்பற்றுகிறது. அரிசிப்பாகு கலந்தால் இச்சோதனை ஏமாந்துபோகும்!

2020-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் விற்ற தேனை ஆராய்ந்தது. ஜெர்மனியில் நடந்த அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் 10 தேறவில்லை. முடிவை நிறுவனங்கள் மறுத்தன.

கலப்படமின்மை வேறு, பிறப்பிடம் வேறு. பிறப்பிடத்தை அறியத் தேனிலுள்ள மகரந்தமும், மண்ணிலிருந்து பூவழியே வந்த தாதுக்களின் அளவும் உதவும். ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க, பாபநாசம் மலைகளில் காணி மக்கள் எடுக்கும் தேனின் மாதிரிகள் பருவந்தோறும் வேண்டும். பதிவேட்டில் இல்லாத கைரேகை யாரைக் காட்டும்?

மலையேறியவரின் கூலி பாகு காய்ச்சியவருக்குப் போகலாமா? இனி 'சோதிக்கப்பட்டது' என்று படித்தால், 'எதனோடு ஒப்பிட்டு?' என்று கேளுங்கள்.