இங்கே இன்வெர்ட்டர், அங்கே இடி

கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் டெஸ்க்டாப்புக்கு எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளைப் பெட்டி வாங்கப் போகிறவர், கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டரைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். விவரம் தெரிந்த கடைக்காரராக இருந்தால் "எத்தனை வாட் வேணுமுங்க?" என்று ஆரம்பிக்க மாட்டார். "வீட்டுல இன்வெர்ட்டர் சைன் வேவுங்களா, ஸ்கொயருங்களா?" என்பார். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் அதே பெட்டியை வாங்குகிறவருக்கு இந்தக் கேள்வி அநேகமாக வராது. இத்தனைக்கும் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஏட்டளவில் அனுமதித்த ஏற்ற இறக்கமும் அதே ஆறு சதவீதம்தான், அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. ஆனாலும் நல்ல பெட்டி எது என்பதற்கு இரண்டு இடத்திலும் இரண்டு பதில்.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததால் ஆலைகள் பெருகிய ஊர் கோவை. அதே கோவைதான் 2012-ல் இருட்டில் கிடந்தது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. பவுண்டரியும் பம்ப்செட் பட்டறையும் ஜெனரேட்டரை நம்பின, முடியாதவர்கள் ஷிப்டைக் குறைத்தார்கள். அப்போது வீட்டுக்குள் வந்த இன்வெர்ட்டர், கரண்ட் சீரான பிறகும் வெளியே போகவில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டு மாலையில் கொடுப்பார்களே, அந்த நாளுக்காவது வேண்டும்.

அன்று விலையைப் பார்த்து வாங்கியவற்றில் பல ஸ்கொயர் வேவ். லைட்டுக்குப் போதும். ஃபேன் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரில்தான் வினை. மின் திறனுக்கான 80 பிளஸ் முத்திரையோடு இன்று வரும் எஸ்.எம்.பி.எஸ்.களில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்றொரு சுற்று இருக்கிறது. வரும் மின் அலையின் வடிவத்தை ஒட்டியே கரண்டை இழுப்பது அதன் வேலை. படிப்படியாக வெட்டிய அலையைக் கொடுத்தால் சில பெட்டிகள் கீச்சிடும், சில இன்வெர்ட்டரில் ஓவர்லோடு விளக்கை எரியவிடும், சில சட்டென்று அணைந்துவிடும். கேபினெட்டோடு வந்த எழுநூறு ரூபாய்ச் சாமானோ அதே இன்வெர்ட்டரில் குறையில்லாமல் ஓடும். அதில் அந்தச் சுற்றே கிடையாதே! இதைப் பார்த்துவிட்டுத்தான் பிராண்டட் வாங்கி ஏமாந்துவிட்டதாகச் சொல்கிறவர்கள் உண்டாகிறார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டு பெட்டியிலும் பழுது இருக்காது. ஒன்றுக்கு மற்றொன்று ஒத்துவரவில்லை. சின்னதாக ஒரு 600 வி.ஏ. யூ.பி.எஸ். வைத்தால் தீரும் என்று யோசனை சொல்வார்கள். மலிவான யூ.பி.எஸ்.களில் பெரும்பாலானவை தருவதும் அதே படிக்கட்டு அலைதான்.

சைன் வேவ் இருந்தாலும் இன்னொன்று பாக்கி. ஏ.டி.எக்ஸ். விதிப்படி, உள்ளே வரும் கரண்ட் நின்ற பிறகும் ஒரு பவர் சப்ளை குறைந்தது 16 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும். மலிவுச் சாமான்கள் இதில்தான் முதலில் கோட்டை விடும். இன்வெர்ட்டர்கள் பலவற்றில் யூ.பி.எஸ்., நார்மல் என்று ஒரு சுவிட்ச் உண்டு. முதல் நிலையில் பத்து மில்லிசெகண்ட் அளவில் பேட்டரிக்கு மாறும், இரண்டாவதில் மூன்று நான்கு மடங்கு ஆகலாம். நிறைய வீடுகளில் வாங்கிய நாளிலிருந்து அது நார்மலிலேயே இருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. யூ.பி.எஸ். நிலையில் வோல்டேஜ் 180 பக்கம் இறங்கினாலே பேட்டரிக்குத் தாவிவிடும். ஜவுளி இயந்திரம் செய்யும் எல்.எம்.டபிள்யூ. ஆலையைச் சுற்றி லேத்தும் வெல்டிங்குமாக வளர்ந்த பெரியநாயக்கன்பாளையத்தில், பக்கத்துப் பட்டறையில் ராடு வைக்கும்போதெல்லாம் தாவினால் பேட்டரி என்னத்துக்கு ஆகும்? 200–240 வோல்ட் என்று மட்டும் அச்சிட்ட பெட்டியை இங்கே வாங்கக் கூடாது என்பேன். 100–240 என்று போட்டது இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இலங்கையில் கதை வேறு தினுசு. யாழ்ப்பாணத்தார் உள்நாட்டுப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள். குடாநாடு தேசிய மின்தொகுப்போடு மீண்டும் சேர்ந்ததே 2013-ல்தான். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது. ஆனால் அதே மாதம்தான் டாலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து கிளம்பி, மே மாதத்துக்குள் 360-ஐத் தொட்டது. கொங்கு நாட்டில் இருட்டு வந்தபோது கடையில் பேட்டரி இருந்தது, தவணையிலும் கிடைத்தது. அங்கே இருட்டும் விலையேற்றமும் ஒன்றாக வந்து விழுந்தன. கையில் இருக்கும் பொருளைக் காப்பாற்றிக்கொள்வதே வழியாயிற்று.

அடுத்து கட்டணம் வந்தது. இலங்கை மின்சார சபையின் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. பிறகு குறைத்தாலும் வீட்டுப் பாவனையில் மாதம் 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே விலை மாறும் ஏற்பாடு இருக்கிறது. 100 வாட் கேட்கும் கம்ப்யூட்டருக்கு, 70 சதவீதத் திறன் உள்ள பெட்டி சுவரிலிருந்து 143 வாட் இழுக்கும். 85 சதவீதம் என்றால் 118. தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதத்துக்கு ஆறு யூனிட் வித்தியாசம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்பார். 500 யூனிட்டை ஒட்டிப் பில் வரும் வீட்டார் மட்டும் காது கொடுப்பார்கள். 58 அலகில் நிற்கிற இலங்கை வீட்டுக்கு அந்த ஆறு அலகுதான் படி தாண்டுவது. ஆகவே 80 பிளஸ் வெண்கல (ப்ரோன்ஸ்) முத்திரை இங்கே பெருமைக்கு, அங்கே பில்லுக்கு.

அங்கே பெட்டியைக் கொல்வது பெரும்பாலும் இடி. ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் ஆனால் வானம் முழங்கும். முதல் முழக்கத்திலேயே டி.வி., ரவுட்டர், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுவது அங்கே பரவலான வழக்கம். நம் வீடுகளில் அந்தப் பழக்கம் குறைவு. ஸ்டெபிலைசர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். பக்கத்தில் விழும் இடியை எந்த ஸ்டெபிலைசரும் நிறுத்தாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் சின்ன வேரிஸ்டரும் நிறுத்தாது. இந்த விஷயத்தில் இலங்கைக்காரர் செய்வதே சரி. (2025 பிப்ரவரி 9 அன்று பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அதற்கு மட்டும் யாரிடமும் மருந்தில்லை.)

எர்த் விஷயத்தில் இரண்டு பக்கமும் கோளாறுதான், காரணம் மட்டும் வேறு. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். கெட்டதாக நினைத்து மாற்றுகிறார்கள். எர்த் இணைப்பு இல்லாதபோது உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் உறைக்கு ஏறக்குறையப் பாதி வோல்டேஜைக் கொண்டுவந்துவிடும், புதுப் பெட்டியும் சுருக்கென்றே சொல்லும். கொங்குப் பக்கம் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். இலங்கையில் குற்றவாளி பிளக். உருண்டைக் கம்பி 5 ஆம்பியர், 15 ஆம்பியர், சதுரக் கம்பி 13 ஆம்பியர் என்று மூன்றும் புழங்கிய நாட்டில், ஐரோப்பிய வயரோடு வந்த பெட்டியை அடாப்டரில் செருகினால் எர்த் பல சமயம் சேராது. 13 ஆம்பியரையே ஒரே தரமாக்கியது நல்ல முடிவு. அந்தப் பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, நம்முடையதில் இல்லை.

வாட் கணக்கில் இரண்டு நாட்டுக்காரரும் ஒரே மாதிரி ஏமாறுகிறோம். 450 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள், 168 வாட்தான். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர் நூறு வாட்டைச் சுற்றியே நிற்கும். நடுத்தரக் கார்டு போட்டாலும் யோக்கியமான 450 அல்லது 550 போதும். கோவையில் அப்படி ஒன்று மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறுக்குள் வரும். ஐ.எஸ். 13252 எண்ணும், ஆர் என்று தொடங்கும் பி.ஐ.எஸ். பதிவு எண்ணும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டாயிரத்துக்கு இன்வெர்ட்டரும் பேட்டரிக்கு அதற்கு மேலும் கொடுத்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இரண்டாயிரம் மிச்சம் பிடிக்கும் நம் கஞ்சத்தனம் எனக்குப் பிடிபடவே இல்லை.

வரி இரண்டு பக்கமும் 18 சதவீதம், இங்கே ஜி.எஸ்.டி., அங்கே வாட் எனும் பெறுமதி சேர் வரி. உத்தரவாதத்தில்தான் வழி பிரிகிறது. இங்கே பிராண்டைப் பொறுத்து மூன்று வருடம், ஐந்து வருடம் உண்டு, பில் இருந்தால் கம்பெனியே மாற்றித் தரும். இலங்கைக் கடைப் பற்றுச்சீட்டுகள் பலவற்றில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று அச்சிட்டிருக்கும்; எரிந்த தடம், துரு, இடி பட்டது எதற்கும் உத்தரவாதம் இல்லை என்றும் கீழே இருக்கும். ஆகவே அங்கே வாங்குகிறவர் பிராண்டை விடக் கடையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: எந்த இறக்குமதியாளரின் ஸ்டிக்கர், அவர் அடுத்த வருடமும் இருப்பாரா என்று. பெரியநாயக்கன்பாளையத்துக்காரர் பார்க்க வேண்டியது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் வயதை. பேட்டரி மாற்றும் காலம் வந்திருந்தால் பேட்டரியோடு சேர்த்து அதையும் சைன் வேவாக மாற்றிவிட்டு, பிறகு எஸ்.எம்.பி.எஸ். வாங்கப் போகலாம்.