சிறுகோள்களின் பெயர்களும் பெயரிடும் அதிகாரமும்

சிறுகோள்களின் பெயர்களைப் பழைய புராணங்களின் எச்சமாகக் கருதுவது வழக்கம். அப்பெயர்கள் தோன்றிய சூழலை நோக்குமிடத்து, அக்கருத்து முழுமையானதன்று என்பதைக் காண்கிறோம்.

1801 ஜனவரி 1ஆம் திகதி பலேர்மோவில் முதலாவது சிறுகோளைக் கண்டறிந்த பியாற்சி, சிசிலியின் காவல் தெய்வமாகிய சீரிசின் பெயரோடு தம் மன்னன் பேர்டினந்தின் பெயரையும் இணைத்து அதற்கு இட்டார். பிறநாட்டறிஞர் ஏற்காமையால் மன்னன் பெயர் மறைந்தது. தெய்வத்தின் பெயர் நிலைத்தது. 1850இல் லண்டனில் ஹைண்ட் கண்டறிந்த கோள் விக்டோரியா எனப்பட்டது. ஆட்சியிலிருக்கும் அரசியின் பெயர் பொருந்தாதென அமெரிக்க வானியலாளர் சிலர் மறுத்தபோது, அது ரோமரின் வெற்றித் தெய்வத்தின் பெயரே என விடையிறுக்கப்பட்டது. புராணம் இங்கு அரசுக்குத் திரையாயிற்று. 1885இல் வியன்னாவிலிருந்த பலீசா, சூரிய கிரகண ஆய்வுப் பயணத்துக்குப் பணந்தேடி, தாம் கண்டறிந்த கோளொன்றுக்குப் பெயரிடும் உரிமையை 50 பவுணுக்கு விற்க முன்வந்தார். ரொத்சைல்ட் குடும்பத்துச் செல்வரொருவரின் மனைவி பெயரால் அது பெற்றினா ஆயிற்று. முடியின் இடத்தை மூலதனம் பெற்றது.

இன்று சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதிகள் வணிகப் பெயர்களை ஏற்பதில்லை. அரசியல், இராணுவத் துறைகளில் அறியப்பட்டோர் இறந்து 100 ஆண்டுகள் கழியவேண்டும் என்கின்றன. இவை வரவேற்கத்தக்கனவே. ஆயினும், பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தோரிடமே உள்ளது. தொலைநோக்கி யாரிடமுண்டோ, அவர்தம் மொழியையும் நினைவையுமே வானம் பெரிதும் தாங்கும். ஆகவே, இப்பெயர்களின் பொருளை இட்டோரின் சமூக நிலையோடு பொருத்தியே உணர்தல் வேண்டுமென்பது எமது துணிபு.