பழைய ஜப்பானிய நூல்களை வாசிக்கும் ‘மிவோ’ செயலி

எடோ காலத்தில் (1603–1868) மரக்கட்டை அச்சில் வெளிவந்த சமையல் நூல்களும் கதைகளும் பயணக் கையேடுகளும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன எனினும், ஜப்பானியர்களிலேயே மிகச் சிலரால்தான் அவற்றை வாசிக்க முடிகிறது. அவை குஸுஷிஜியில், அதாவது தூரிகையின் ஓட்டத்தில் கோடுகள் சுருங்கி, ஓர் எழுத்து அடுத்ததோடு இழைந்து செல்லும் பழைய எழுத்து முறையில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். மேலும், ஒலியெழுத்தான ஹிரகானாவில் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் வழங்கின. 1900இல் வந்த தொடக்கப்பள்ளி விதிகள் ஒலிக்கு ஒரு வடிவத்தை மட்டும் நிறுத்திக்கொண்டதால், ஏனைய வடிவங்கள் சில தலைமுறைகளுக்குள் அறிஞர்களின் தனித்துறையாகச் சுருங்கின.

இந்த இடைவெளியை நிரப்பும் நோக்கில், ஜப்பானின் மானுடப்புலத் திறந்த தரவு மையம் 2021 ஆகஸ்டில் மிவோ என்னும் இலவசச் செயலியை வெளியிட்டது. இதன் உருவாக்கத்தில் முன்நின்ற தரின் கிளானுவாட், தாய்லாந்தில் பிறந்து, ‘கெஞ்சியின் கதை’ என்னும் பேரிலக்கியத்தின் இடைக்கால உரைகளை ஆராய்ந்தவர் என்பதால், கணினிக்கு எழுத்தறிவூட்டிய இம்முயற்சியில் ஓர் உரை ஆய்வாளரின் பொறுமையும் கலந்திருக்கிறது.

செயலியைக் கையாள்வது எளிது: பக்கத்தைப் படமெடுத்து அறிதல் பொத்தானைத் தொட்டால், ஒவ்வொரு பழைய எழுத்தின்மீதும் அதன் இக்கால வடிவம் வண்ணத்தில் படிகிறது. நகர்த்தியை இழுத்தால் அவ்வடிவங்கள் விலகி மூலம் தெரிகிறது. மீண்டும் இழுத்தால் அவை திரும்புகின்றன. மிவோவின் உண்மையான சிறப்பு அதன் வாசிப்புத் திறனைவிட இந்த ஏற்பாட்டிலேயே உள்ளது எனலாம். ஏனெனில் கணினியின் முடிவு மூலத்தின் இடத்தைப் பறித்துக்கொள்ளாமல் அதன்மேல் நிற்பதால், ஐயம் எழும் எழுத்தை அப்போதே ஒப்பிட்டு மறுக்க வாசகருக்கு வழி கிடைக்கிறது.

மறுக்கவேண்டிய இடங்களும் குறைவல்ல. இம்மையத்தின் பயிற்சித் தரவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துப் படங்கள், 4,328 வகைகளில் உள்ளன. ஆனால் பரவலான ஹிரகானா எழுத்துகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்க, ஜப்பானியத்தில் வழங்கும் அரிய சீன எழுத்துகள் சில தடவைகளே இடம்பெறுகின்றன. அத்தரவில் சமையல் நூல்கள் கணிசமாக உள்ளமையால், முட்டைப் பண்டங்களைப் பெரிதும் விவரிக்கும், 1785இல் வெளியான நூலைப் போன்ற அச்சு நூல்களில் வாசிப்பு பெரும்பாலும் நம்பத்தக்கதாக அமைகிறது. தனிமனிதர் கைப்பட எழுதிய கடிதங்களிலும் கணக்கேடுகளிலும் பிழைகள் மிகுகின்றன. அறியா எழுத்தையும் செயலி தயக்கமின்றி வேறொன்றாகக் காட்டிவிடுவது, புதிதாகப் பயில்பவரை எளிதில் ஏமாற்றும்.

மிவோவைப் போலவே, சீன நூல்களுக்கு டொனால்ட் ஸ்டர்ஜன் உருவாக்கிய ‘சீன உரைத் திட்டம்’ என்னும் இணைய நூலகமும் மூலப் படத்தையும் உரையையும் இணைத்தே காட்டுகிறது. பழைய சீன அச்சு நூல்களின் எழுத்துகள் பெரும்பாலும் தனித்தனியாக நிற்பதால், அங்கே கணினியின் பணி ஓரளவு இலகுவானது. பிழையைப் பயனர்களே திருத்தவும் முடியும்.

மிவோ மொழிபெயர்ப்புக் கருவி அன்று. அது பழைய ஜப்பானிய மொழியை இக்கால எழுத்தில் மட்டுமே தருவதால், செவ்வியல் இலக்கணம் அறியாதவர் அவ்வுரையை வேறொரு மொழிபெயர்ப்பானிடம் கொடுத்துப் பெறும் பொருளில் இரண்டு கருவிகளின் பிழைகளும் சேர்ந்துகொள்ளும். ஜப்பானிய மொழியை இடைநிலை வரையேனும் கற்று, எழுத்து வடிவங்களைப் பழக விரும்புவோருக்கே இச்செயலி முழுப் பயன் தரும்.