மார்கழியில் ஜெய்சல்மேர்

சீசன் டிக்கெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டு மார்கழியில் ராஜஸ்தான் கிளம்பினேன் என்று எங்கள் மாடிவீட்டு மாமிக்கு இன்னும் என்மேல் மனத்தாங்கல். மாமி, நீங்கள் ஜெய்சல்மேரைப் பார்க்கவில்லை!

ஜோத்பூரிலிருந்து ராத்திரி ரயில். விடியற்காலையில் பல் கிட்டும் குளிரில் இறங்கினால், எதிரே குன்றின்மேல் கோட்டை. 1156இல் ராவல் ஜெய்சல் தொடங்கி வைத்தது, 99 கொத்தளங்கள். வெயில் ஏற ஏற அந்த மஞ்சள் கல்லுக்கு மைசூர்பாகு நிறம் வந்தது. நெய் சொட்டுமே, அந்தப் பழைய ஜாதி மைசூர்பாகு. கோட்டை என்றால் செஞ்சி மாதிரி ஆளில்லாத கல் என்று நினைத்துப் போனவள் நான். இங்கே உள்ளேயே ஊர் குடியிருக்கிறது! சமணக் கோயில் வாசலில் செருப்புக் குவியல், மாடத்தில் காயும் புடவை, சந்தை அடைத்துக்கொண்டு அசைபோடும் மாடு. அப்படியே நம் மாடவீதி. (குழாய்த் தண்ணீர் கசிந்து அஸ்திவாரத்தை அரிக்கிறதாம். பாலைவனக் கோட்டைக்குத் தண்ணீரில் கண்டம்!)

ஜோத்பூரில் மேஹ்ரான்கர் கோட்டையும் பார்த்தேன், பிரம்மாண்டம்தான். ஆனால் மனசு அடிவாரத்து மணிக்கூண்டைச் சுற்றியுள்ள சர்தார் மார்க்கெட்டிலேயே நின்றுவிட்டது. தீபாவளி வாரத்து ரங்கநாதன் தெருவில் நீந்தியவளுக்கு அந்த நெரிசல் எம்மாத்திரம்? மூட்டை மூட்டையாய் மதானியா மிளகாய், தும்மிக்கொண்டே நடந்தேன். மிர்ச்சி வடா என்பது நம் மிளகாய் பஜ்ஜிதான், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. எத்தனை தின்றேன் என்று கேட்காதீர்கள். ஒரு கடைக்காரர் முடிச்சு பிரிக்காத பாந்தினித் துணியை இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். படபடவென்று நூல் தெறித்து, துணியெங்கும் புள்ளிகள் பூத்தன. நம் சுங்குடியின் சொந்தக்காரி! மூன்று வாங்கினேன்.

கடைசி ராத்திரி, சாம் மணல்மேடு. மாங்கணியார் கலைஞர்கள் பாடினார்கள். முஸ்லிம்கள், கிருஷ்ணன்மேலும் பாடுவார்கள். ஒரு பையன் கைக்கு இரண்டாக மரச்சில்லுகளை வைத்து கர்தால் வாசித்தான். சலங்கையில்லாத சிப்ளாக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு எந்த சபாவும் எழுந்து நின்று கைதட்டும். மாமியும்தான்.

போவதென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். பெசன்ட் நகர் காற்றுக்கே மஃப்ளர் கட்டுகிறவர்கள் ஸ்வெட்டர் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.