இரத்தம் எங்கிருந்து வருகிறது?
பிரைஸின் ஆய்வுரை: ஒரு மதிப்பீடு

ஓசூரில் ஒரு குழந்தைக்கு அடிக்கடி நிமோனியா கண்டால், "எல்லாம் ஆலைப் புகைதான்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் புகை இரண்டு நுரையீரல்களுக்கும் பொது. நோய் ஒவ்வொரு முறையும் இடப்பக்கக் கீழ்மடலின் அதே மூலையில் தோன்றுமானால், காசநோய்ப் பரிசோதனையோடு, பிறவிக் குறை உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டியது, மெர்லின் பிரைஸ் 1946இல் வெளியிட்ட ஆய்வுரை. ஃபிளெமிங் 1928இல் தம் பெனிசிலின் பூஞ்சைத் தட்டை எடுத்துக் காட்டியது, முன்னாள் உதவியாளரான இவரிடந்தான். ஏழு நோயாளிகளை இவ்வுரை விவரிக்கிறது. நுரையீரலின் ஒரு பகுதி மூச்சுக்குழாய்களோடு தொடர்பின்றித் தனித்து நிற்கிறது. அதற்கு வேண்டிய இரத்தம் நுரையீரல் தமனியிலிருந்து வராமல், பெருந்தமனியிலிருந்து நேரே வருகிறது! இதை அறியாமல் அறுவை மருத்துவர் அத்தமனியை அறுத்துவிட்டால், மிகுந்த அழுத்தத்தோடு இரத்தம் பீறிடும், உயிருக்கே ஆபத்து. இதனை வகைப்படுத்திச் சொன்னதே பிரைஸின் பெருமை.

அவர் கூறிய காரணம் அத்தனை உறுதியானதன்று. கருவிலேயே அத்தமனி இழுத்து நுரையீரலைப் பிரித்தது என்றார். ஆனால் அவரே கூறிய முதல் வகையில், தமனி இருந்தும் நுரையீரல் பிரியவில்லை. முன்குடலிலிருந்து தோன்றும் கூடுதல் அரும்பே காரணம் என்பது இன்று பலரின் கருத்து. சில, பிறந்தபின் நோய்த்தொற்றால் விளைந்தவை என்றும் கருதுகின்றனர். விளக்கம் தளர்ந்தது; கண்ட உண்மை நிலைத்தது.

பிரைஸ் கத்தியின் துணையால் கண்டதை, இன்று கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேன் அறுவைக்கு முன்பே காட்டுகிறது. எப்படி? சிரை வழியே செலுத்தும் மருந்திலுள்ள அயோடின் கனத்த அணு; எக்ஸ்கதிரை நன்கு தடுக்கும். எனவே இரத்தக் குழாய்கள் வெண்மையாகத் துலங்குகின்றன. மருந்தில்லாத படம் கட்டியைக் காட்டலாம். தமனியின் பிறப்பிடத்தைத் தெளிவாகக் காட்டாது. சிலருக்கு அத்தமனி உதரவிதானத்துக்குக் கீழேயிருந்து மேலேறி வரும். ஆகவே படம் மேல்வயிறு வரை நீள வேண்டும்.

குழந்தைக்குக் கதிர்வீச்சு தீங்கு தரும் என்பதால், தக்க நேரத்தில் ஒருமுறை எடுத்த படமே பெரும்பாலும் போதும். ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெற்றோர் பழைய படங்களையும் கையோடு கொண்டு செல்லட்டும். இரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பிரைஸின் கேள்விக்கு அவற்றிலேயே விடை இருந்தால், மறுபடம் வேண்டியதில்லை.