பேஸ் கிட்டார் கைமாறும்போது

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பரந்து கிடக்கும் பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களுள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள் ஏராளம் என்பது எல்லோரும் அறிந்த விஷயம். அவர்களில் ஒரு சிறு கோஷ்டி, ராக் சங்கீதத்தில், அதிலும் ‘தெர்மல் அண்ட் எ குவார்ட்டர்’ என்னும் உள்ளூர்க் குழுவின் பாட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்து, தேநீர்க்கடை வாசலிலேயே அரைமணி நேரம் தர்க்கம் செய்யும் என்பது அவ்வளவாக வெளியே தெரியாத சங்கதி. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மஞ்சள் தட மெட்ரோ திறக்கப்பட்டது முதல், அந்தத் தர்க்கம் வண்டியிலும் ஏறிக்கொண்டு, ஆர்.வி. சாலை வரையுள்ள பத்தொன்பது கிலோமீட்டரும் தொடர்ந்து நடைபெறுவதாகக் கேள்வி.

வாதத்தின் சாரம் இதுதான். 1996ல் தோன்றிய அந்தக் குழுவில் பாடுகிறவரும் கிட்டார் வாசிக்கிறவருமான புரூஸ் லீ மணியும், டிரம்ஸ் வாசிக்கும் ராஜீவ் ராஜகோபாலும் நிலையாக இருந்துவர, பேஸ் கிட்டார் மட்டும் ரூட் டேவிடிடமிருந்து பிரகாஷுக்கும், பின்னர் லெஸ்லி சார்லஸுக்குமாகக் கைமாறியிருக்கிறது. “டேவிட் போனதோட அந்த பேண்டு முடிஞ்சுதுப்பா, இப்ப இருக்கிறது பேரு மட்டுந்தான்” என்கிறார், நரை கண்ட மெஷின் ஆபரேட்டர் ஒருவர். “அண்ணா, 2012ல மூணு டிஸ்க்கு போட்டாங்களே, அதை நீங்க முழுசா கேட்டீங்களா?” என்று மடக்குகிறான் அவரைவிட இருபது வயது இளையவன் ஒருவன். இருவரும் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள்.

கர்நாடக சங்கீதத்தில் ஊறிய ஒரு ரசிகருக்கு இந்தச் சண்டையே விநோதமாகத் தோன்றக்கூடும். சபாக் கச்சேரிகளில் இன்றைக்கு ஒருவர் பிடில், நாளைக்கு வேறொருவர், மிருதங்கமும் அப்படியே, அதனால் பாடகரின் பாணி போய்விட்டது என்று எவரும் கண்ணீர் விடுவதில்லை. ஏனெனில் கிருதி முன்னமே இயற்றப்பட்டிருக்கிறது. அதன் பாடாந்தரம் குருபரம்பரையாக வந்திருக்கிறது. பக்கவாத்தியக்காரர் அதை அலங்கரிக்கிறாரேயன்றி ஆக்குவதில்லை. பெங்களூரையே வாசஸ்தலமாகக் கொண்டு, 2007ல் சன் தொலைக்காட்சியில் ஏ.ஆர். ரகுமான் முன்னிலையில் ‘ஊ ல லலா’ போட்டியை வென்ற ‘அகம்’ குழுவின் ரசிகர்களிடம் இந்தத் தகராறு அவ்வளவாக எழாததற்கும் இதுவே காரணமென்று எனக்குப் படுகிறது. ஹம்ஸநாதத்தில் அமைந்த தியாகராஜ கிருதியை மின்சாரக் கிட்டாரோடு அவர்கள் வாசிக்கும்போது, ராகம் கெட்டதா கெடவில்லையா என்றுதான் விவகாரம் கிளம்புகிறதே தவிர, யார் வாசித்தார்கள் என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது.

ராக் குழுவின் சமாசாரம் வேறு. அங்கே பாட்டு பிறப்பதே ஒத்திகை அறையில், அந்த மூன்று நான்கு பேரின் கைகள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும்போதுதான். அதிலும் பேஸ் கிட்டாரின் ஸ்தானம் கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளருடையதைப் போன்றது. நன்றாக நடக்கும்வரையில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. தெர்மல் குழு பல ஆண்டுகள் மூவர் மட்டுமே கொண்ட குழுவாக இயங்கியது என்பதை இங்கே மறக்கலாகாது. பாடிக்கொண்டே கிட்டாரும் வாசிக்கிற ஒருவர், பாட்டை நிறுத்திவிட்டுத் தனி ஆவர்த்தனத்தில் இறங்கியவுடன், ஸ்வரக் கூட்டத்தைத் தாங்குவதற்கு இன்னொரு கிட்டார் கிடையாது. அந்த வெற்றிடம் முழுவதையும் பேஸ்தான் நிரப்பியாக வேண்டும். ஜாஸ், புளூஸ், ஃபங்க் ஆகிய மூன்றின் சாயலையும் ஒரே பாட்டில் கலந்து, லயத்தைத் திடீரென்று மடித்துத் திருப்புகிற பழக்கமுள்ள குழுவிலே அந்த ஆள் மாறினால், பாட்டின் மூச்சே மாறிவிடுவது இயல்பு. ஆகவே மெஷின் ஆபரேட்டரின் ஏக்கத்தை வெறும் பழமைப்பித்து என்று தள்ளிவிட முடியாது. 2002ல் வெளியான ‘ஜூப்பிட்டர் கஃபே’யைக் கேட்டவர்கள் அதை ஒப்புக்கொள்வார்கள்.

இருந்தாலும் என் தீர்ப்பு இளையவனின் பக்கமே சாய்கிறது. ‘த்ரீ வீல்ஸ் நைன் லைவ்ஸ்’ என்ற அந்த மூன்று தட்டுத் தொகுப்பு ஆட்டோ ரிக்‌ஷாவை முன்னிறுத்தி இந்த நகரத்தைப் பாடுகிறது. மீட்டருக்கு மேல் ஒன்றரை மடங்கு கேட்கும் ஓட்டுநரைப் பற்றிய பாட்டு ஒன்றும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் பாடினாலும் ஊர் மண்ணை விடாத அந்த சாமர்த்தியம் ஆரம்ப காலத்தைக் காட்டிலும் அதில் முதிர்ந்திருக்கிறது. தொகுப்பு நீளம் அதிகம், சில பாட்டுகளை விலக்கியிருக்கலாம் என்பது உண்மைதான்.

இங்கிலாந்தில் இந்த வழக்குக்குப் பல முன்னுதாரணங்கள் இருக்கின்றன. லீட்ஸ் நகரத்தில் 1985ல் தோன்றிய ‘தி வெட்டிங் பிரசென்ட்’ குழுவில் ஆரம்பம் முதல் இன்றுவரை இருப்பவர் டேவிட் கெட்ஜ் ஒருவர்தான். 1992ல் மாதம் ஒரு பாட்டாகப் பன்னிரண்டு வெளியிட்டு, பன்னிரண்டையும் பிரிட்டிஷ் பட்டியலில் ஏற்றிய அந்தக் குழுவின் பெயரை, ஆட்கள் மாறினார்கள் என்பதற்காக யாரும் பறித்துவிடவில்லை. மான்செஸ்டரில் 1982ல் பிறந்த ‘ஜேம்ஸ்’ குழுவின் விசேஷம் இன்னும் பொருத்தமானது. அதில் மாறாமல் நிலைத்தவர் பாடகர் அல்லர், பேஸ் வாசிக்கும் ஜிம் கிளெனி. பாடகர் டிம் பூத் 2001ல் விலகி, 2007ல் திரும்பி வந்தார். அக்குழுவின் ஸ்டூடியோ தொகுப்பு ஒன்று பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது 2024ல்தான். ‘யம்மி’ என்பது அதன் பெயர். நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இந்த வெற்றியைச் சொன்னபோது மெஷின் ஆபரேட்டர், “அங்க பேஸ்காரர் போகலையே சார்!” என்று என் உதாரணத்தையே என்மேல் திருப்பிவிட்டார், அவர் தர்க்கசாஸ்திரம் படித்திருக்க வேண்டியவர்.

தெர்மல் குழு 2020ல் ‘எ வேர்ல்ட் கான் மேட்’ தொகுப்பை வெளியிட்டபோது டோனி தாஸ் இரண்டாவது கிட்டாராகச் சேர்ந்து மீண்டும் நால்வராகிவிட்டிருந்தார்கள். பேஸின்மீது இருந்த பாரம் அதனால் குறைந்தது. புரூஸ் லீ மணியின் குரலுக்கும் நிதானம் வந்தது. பழைய மூவர் காலத்தில் கயிற்றின்மேல் நடப்பதைப் பார்க்கும்போது உண்டாகும் படபடப்பு ஒன்று இருந்ததே, அதுவும் கூடவே போய்விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இவ்வளவு விவாதத்திலும் ராஜீவ் ராஜகோபாலின் பெயரை இரு கட்சியாரும் ஒருமுறைகூட எடுக்காதது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. மூன்று பேஸ்காரர்களோடும் கூடி வாசித்த டிரம்ஸ் அவருடையது. 2000ல் வந்த முதல் தொகுப்பையும் 2020ல் வந்ததையும் அடுத்தடுத்து வைத்து, மற்ற வாத்தியங்களை மறந்து அவர் கையை மட்டும் தொடர்ந்து கேட்பவர்கள், குழு முடிந்துபோயிற்றா இல்லையா என்ற கேள்விக்கு மெட்ரோ ஆர்.வி. சாலையை அடைவதற்குள்ளேயே விடை கண்டுவிடலாம்.