வைக்ஸ் என்னும் சொல்

முகத்தைக் குறிக்கும் 'ஃபேஸ்' என்ற சொல்லின்மீது ஆங்கிலம் பெருஞ்சுமையை ஏற்றி வைத்திருக்கிறது. மனிதருக்கு மட்டுமன்றிக் கடிகாரத்துக்கும் செங்குத்துப் பாறைக்கும் அச்சொல்லே. சன்னல் கடலை நோக்கியிருப்பதும், துன்பத்தை எதிர்கொள்வதும், மானம் இழப்பதும் அச்சொல்லாலேயே சொல்லப்படுகின்றன. பால்டிக் கடலோரத்தில் ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் வாழும் லாத்வியாவின் மொழிக்கு இதனைப் பெயர்ப்பவர் முதல் பக்கத்திலேயே இடறுகிறார்.

அகராதி அவருக்குத் தரும் சொல் 'ஸெயா'. அதை எங்கும் இட்டு நிரப்பினால் இலக்கணப் பிழை பெரிதாக நேராது. ஆனால் வாக்கியங்கள் அயல்வாடை வீசும். ஏனெனில், ஆங்கிலம் முகத்தைக் காணும் பல இடங்களில் லாத்வியர் வேறோர் உறுப்பைக் காண்கின்றனர். உண்மையை எதிர்கொள்ளும் ஆங்கிலேயனுக்கு முகம் வேண்டும். லாத்வியனோ உண்மையின் கண்களைப் பார்க்கிறான். இருவர் நேருக்கு நேர் நிற்பது 'அட்ஸி ப்ரெட் அட்ஸி', அதாவது கண்ணுக்கு எதிரே கண். காலையில் முகம் கழுவுவதைப் பேச்சுவழக்கில் வாய் கழுவுவது என்பார்கள். கடிகார முகமோ எண் என்ற சொல்லிலிருந்து பிறந்த 'ட்ஸிபர்னீட்ஸா'. பழிப்புக் காட்டி முகத்தைக் கோணுவதற்கு 'வைப்ஸ்டீட்டியெஸ்' என்ற தனி வினையே உண்டு. இவற்றையெல்லாம் மறந்து ஸெயாவையே பற்றிக்கொள்ளும் பெயர்ப்பு, ஆங்கிலத்துக்கு லாத்வியச் சட்டை மாட்டியதாகவே முடியும்.

எனினும் இம்மொழியின் உண்மையான செல்வம் வேறோரிடத்தில் உள்ளது. 'வைக்ஸ்' என்றொரு பழஞ்சொல் உண்டு. அன்றாடப் பேச்சில் அது கன்னம். உயர்ந்த நடையிலும் பழைய நடையிலும் அது முகம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அலூக்ஸ்னெ என்னும் சிற்றூரில் பணியாற்றிய லூத்தரன் போதகர் எர்ன்ஸ்ட் க்ளூக் விவிலியம் முழுவதையும் எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து லாத்விய மொழிக்குக் கொண்டுவந்தார். (இவருடைய இல்லத்தில் வளர்ந்த மார்த்தா என்ற பெண்தான் பின்னாளில் ரஷ்யப் பேரரசி முதலாம் கத்தரீனா. போதகர் இல்லங்களின் வரலாறு சில வேளைகளில் அரண்மனைவரை நீள்கிறது!) லாத்விய விவிலிய மரபில் இறைவனின் திருமுகத்தைச் சுட்ட வேரூன்றிய சொல் வைக்ஸ். ஆரோனின் ஆசியுரையில் மக்கள்மேல் ஒளிவீசும் முகம் அதுவே. பவுலடிகளார் கொரிந்தியருக்கு வாக்களிக்கும் மறுமைக் காட்சியும் 'வைகு வைகா', முகத்தோடு முகமாக.

ஆதாமுக்கு விதிக்கப்பட்ட உழைப்பின் வியர்வையைப் பாருங்கள். எபிரேய மூலத்தில் உள்ள சொல் மூக்கையும் முகத்தையும் ஒருங்கே குறிப்பது. ஆங்கிலேயரின் வழக்கு அதை நெற்றிக்கு ஏற்றியது. நம் வழக்கும் நெற்றி வியர்வைதான். லாத்வியரோ அதை வைக்ஸின் வியர்வை என்றனர். இன்றும் கோவில் பக்கம் போகாதவரும் கடும் உழைப்பைச் சொல்ல அத்தொடரையே ஆள்கிறார்.

வைக்ஸ் இன்று கன்னம் என்றே இளையோர் காதில் விழும், ஆகவே விவிலியத்திலும் ஸெயா இருந்தால் போதும் என வாதிடலாம். மேய்ப்புப்பணி நோக்கில் இதைத் தள்ளிவிட முடியாது. புரியாத சொல்லால் செபிப்பவர் யாரிடம் பேசுகிறார்? ஆயினும் எனக்கு இவ்வாதம் முழு நிறைவு தரவில்லை. ஸெயா என்பது கண்ணாடி காட்டும் முகம். நிழற்படத்திலும் கடவுச்சீட்டிலும் இருப்பது. எபிரேயரின் 'பானிம்' அதுவன்று. வடிவில் பன்மையான அச்சொல் முகத்தோடு திருமுன்னிலையையும் குறிக்கிறது. ஒருவர் நம் பக்கம் திரும்புவதை அது உணர்த்துகிறது. இந்த உறவைச் சுமக்கும் வலிமை, நூற்றாண்டுகளாகச் செபத்தில் பழகிய வைக்ஸுக்கே அதிகம். மேலும், மலைப்பொழிவில் ஆண்டவர் திருப்பிக் காட்டச் சொல்லும் மறு கன்னமும் லாத்விய மொழியில் வைக்ஸ்தான். அடிவாங்கும் கன்னத்துக்கும் ஆசி வழங்கும் திருமுகத்துக்கும் அங்கே ஒரே பெயர். எந்த மொழிபெயர்ப்பாளரும் திட்டமிட்டு உண்டாக்க முடியாத இப்பொருத்தத்தை, எளிமை கருதி அழிப்பதற்கு எனக்கு மனம் வராது. அடிக்குறிப்பு ஒன்று போதுமே!

அதே வேளையில், புதிய தொடர்களிடம் கடுமை காட்டவும் தேவையில்லை. மானம் இழப்பதைச் சொல்லும் 'ஸவுடேட் ஸெயு', அதாவது முகத்தை இழத்தல், இரவல் தொடர் என்று குறை கூறலாம். ஆனால் ஆங்கிலமே அதனை 19-ஆம் நூற்றாண்டில் சீனரிடமிருந்து கடன் வாங்கியது. லாத்வியருக்கோ 'வெட்கத்தில் நிற்பது' என்னும் சொந்த வழக்கு இருக்கிறது. அமைச்சர் ஒருவரின் தோல்வியை எழுதும் செய்தியாளர் முதலாவதைக் கொள்ளட்டும். திருப்பாடல்களில் பகைவர் நாணமுறும் இடங்களுக்கு இரண்டாவதே பொருந்தும்.